அம்மாவுக்கு வீட்டில் ஆக்சிஜன் தொடங்கியிருக்கிறோம்: குளியல், சமையல், மின்தடை, கோயில் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோபி மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 66. கோபிசெட்டிபாளையத்தில் வீட்டின் முன்புறத்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இட்லிக் கடை நடத்தியவர். விறகு அடுப்பு, தகரக் கூரை, புகை வெளியேற ஒரே ஒரு சன்னல். வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனால் நுரையீரல் மருத்துவர் ஊதிப் பார்க்கும் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த அடுப்பில் சமைத்தீர்கள்?" என்பதுதான். சிஓபிடி, அதாவது மூச்சுக் குழாய்கள் நாள்பட்டுச் சுருங்கி அடைபடும் நுரையீரல் நோய் என்றார்.

சென்ற மாதம் சளி முற்றி மருத்துவமனையில் சேர்த்தோம். வீடு திரும்பும்போது, சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 86 சதவீதம். நிமிடத்துக்கு 2 லிட்டர், ஒரு நாளைக்குக் குறைந்தது 16 மணி நேரம், இரவில் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மாட்டியிருக்கும்போது 91, 92 காட்டுகிறது. மருந்தைப் பற்றியும் அளவைப் பற்றியும் எனக்குக் குழப்பமில்லை. இதோடு எப்படி வாழ்வது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

குளிக்கும்போது குழாயைக் கழற்றிவிடுகிறார். தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வரும்போது உதடு நீலம் பாரித்திருக்கிறது. பேசவே முடிவதில்லை. கட்டிலில் சாய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் முகம் தெளிகிறது. சமையலறையை விட்டு அவரால் இருக்க முடியவில்லை. குழாயோடு வாசற்படியில் நின்றுகொண்டு, "அடுப்பைக் குறை, குழம்பு அடிப்பிடிக்கிறது" என்கிறார். எனக்கு அடுப்பை நினைத்தாலே நடுக்கம். மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிறுத்துகிறார்களே, அன்றைக்கு என்ன செய்வது?

இதையெல்லாம்விட என்னை வாட்டுவது வேறு. மாலையானால் திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுப்பவர் அவர். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் இரண்டு வார்த்தை பேசாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. இப்போது திண்ணைக்கே வருவதில்லை. 2021 கொரோனா சமயத்தில் எங்கள் தெருவில் ஆக்சிஜன் சிலிண்டர் போன வீடுகளில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, அம்மா காதுபடவே என்னிடம், "டாக்டர் ஏதாவது நாள் சொன்னாரா கண்ணு?" என்று கேட்டார். அன்றிலிருந்து அம்மா கட்டிலோடு கிடக்கிறார். 16 மணி நேரம் என்றால் 16 மணி நேரமும் படுத்திருக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். பாரியூர் அம்மன் கோயிலுக்கு இனிப் போகவே முடியாது என்று சொல்லி அழுகிறார்.

இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி செல்வி:

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மூக்கு காய்ந்து எரிகிறது என்பார். நம் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்கோ வாசலினுக்கோ தைலத்துக்கோ போகும். எதையும் தடவாதீர்கள். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசையும் மெழுகுப் பசையும் தீக்கு வழி. மருந்துக் கடையில் உப்புநீர்ச் சொட்டு மருந்து அல்லது தண்ணீரில் செய்த ஜெல் கேளுங்கள். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி மூன்றையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கொசுவலை கட்டலாம், தவறில்லை. என் மாமியாருக்குக் காதின் பின்பக்கம் குழாய் உரசிப் புண்ணாகிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றியதும் ஆறிவிட்டது.

கும்பகோணம் வாத்தியார்:

சகோதரி, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். உங்கள் தாயாருக்கு இருக்கும் நோய் அல்ல எனக்கு. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். 3 லிட்டர், இரவும் பகலும். ஆகவே குழாயைக் கழற்றிவைத்துவிட்டுச் செய்யலாம் என்ற பேச்சு என் வாழ்க்கையில் இல்லை. செய்வது எதுவானாலும் குழாயோடுதான். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கட்டில். இதை உங்கள் தாயாரிடம் நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் வாயால் சொல்லவைப்பது நல்லது: ஆக்சிஜன் படுத்திருப்பதற்காகக் கொடுக்கப்படுவது அல்ல. எழுந்து நடமாடுவதற்காகக் கொடுக்கப்படுவது. 16 மணி நேரத்தில் இரவுத் தூக்கமே எட்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். மீதி எட்டு மணி நேரமும் திண்ணையில், தொலைக்காட்சி முன்னால், காய் நறுக்கும்போது, பேத்திக்குத் தலை பின்னும்போது கழியலாம். படுத்தே கிடந்தால் தொடையிலும் காலிலும் தசை கரையும். தசை கரைந்தால் பத்தடி நடப்பதற்கே இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறதே என்று மறுபடியும் படுக்கத் தோன்றும். இந்தச் சுழலில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோயைவிட வேகமாக அவர்களைச் சாய்த்தது கட்டில்தான்.

அதனால் இன்றே செய்ய வேண்டியது, நீளமான குழாய் வாங்குவது. இயந்திரத்தோடு வரும் மூக்குக் குழாய் இரண்டு மீட்டர்தான் இருக்கும். அதை மட்டும் வைத்திருப்பவர் முளையில் கட்டிய மாடுபோலக் கட்டிலையே சுற்றிவர வேண்டியதுதான். 15 மீட்டர் வரை நீட்டிப்புக் குழாய் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் இயந்திரம் கூடத்தின் நடுவில் இருக்கிறது. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, திரைச்சீலை படாமல், காற்று உள்ளே போக வழிவிட்டு வைத்திருக்கிறோம். அங்கிருந்து குழாய் படுக்கையறை, கழிப்பறை, முற்றம், வாசல் எல்லாவற்றுக்கும் எட்டுகிறது. இரவில் இரைச்சலும் சூடும் படுக்கையறைக்குள் வராது என்பது கூடுதல் நன்மை. கால் தடுக்கும் என்ற அச்சம் நியாயமானது. கதவு நிலைகளில் இடுப்புயரத்தில் கொக்கி அடித்துக் குழாயை அதன் மேலாகப் போட்டிருக்கிறோம். நடக்கும்போது மீதிக் குழாயைச் சுருட்டி இடக்கையில் பிடித்துக்கொள்வேன். என் மனைவிக்கும் அது எங்கே கிடக்கிறது என்று பார்த்து நடப்பது பழகிவிட்டது.

குளியலுக்கு வருகிறேன். குழாயைக் கழற்றவே வேண்டாம். இயந்திரம் குளியலறைக்கு வெளியே, எட்டத்தில் இருக்கட்டும். குழாய் மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே போகட்டும், ஆனால் கதவில் நசுங்கக் கூடாது. உயரமான பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குளிக்க வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஆவி பறக்கும் வெந்நீரில் மூச்சு முட்டும். சன்னலைத் திறந்துவையுங்கள். தலைக்கு ஊற்றக் கையை உயர்த்துவதுதான் குளியலில் மிகக் கடினமான வேலை. அதை நீங்கள் செய்துவிடுங்கள், உடம்பை அவர் பார்த்துக்கொள்வார். சீயக்காயைப் பொடியாகக் கையாண்டால் தூள் பறந்து இருமல் கிளம்பும். முன்கூட்டியே குழைத்துவையுங்கள். துவட்டுவதற்கும் மூச்சு செலவாகும். பெரிய பூந்துவாலையைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஈரத்தை அதுவே இழுத்துவிடும். தலைக்குளியலும் கோயிலும் ஒரே காலையில் வேண்டாம். முதல் நாளே தலைக்குக் குளித்துவிடலாம்.

அடுப்பு விஷயத்தில் தளர்வே காட்டாதீர்கள். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரியும் எதையும் சீற வைக்கும். புடவையிலும் தலைமுடியிலும் அது தங்கியிருக்கும். எரியும் அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவில் பத்தடியாவது இருக்க வேண்டும். வாசற்படி போதாது. மருத்துவர் பகலில் சிறிது நேரம் கழற்ற அனுமதித்திருந்தால், இயந்திரத்தை நிறுத்தி, குழாயைக் கழற்றி, இருபது நிமிடமாவது காற்றாட உட்கார்ந்துவிட்டுப் பிறகு அடுப்படிக்குப் போகலாம். அப்போதும் ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பாருங்கள். நின்று கிளறும்போது அளவு இறங்கினால், கிளறும் வேலை இனி உங்களுடையது. ஆனால் சமையலை அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள், இது என் வேண்டுகோள். முப்பது ஆண்டு ஊருக்கே இட்லி வார்த்த கை அது. அரிசியும் உளுந்தும் அளந்து போடுவதும், மாவுப் பதம் பார்த்து உப்புப் போட்டுக் கரைப்பதும் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடக்கும். கிரைண்டரைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சுவாமி விளக்கையும் அவர் கையால் ஏற்ற வேண்டாம். நீங்கள் ஏற்றுங்கள், அவர் எட்ட உட்கார்ந்து கும்பிடட்டும். எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு வாசலில் அகல் வரிசை வைப்பார்கள். நான் கூடத்துச் சன்னல் வழியாகப் பார்ப்பேன். பீடி பிடிக்கும் உறவினர் வந்தால், வாசலில் அல்ல, தெருவுக்கே போகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கோயில். போகலாம், கட்டாயம் போகலாம். சிறிய சிலிண்டர், அல்லது பையில் தொங்கவிடும் பேட்டரி கான்சென்ட்ரேட்டர் வேண்டும். பேட்டரிக் கருவி விலை அதிகம். சில வகைகள் மூச்சை இழுக்கும்போது மட்டும் தவணையாகக் காற்றை விடும், அது எல்லோருக்கும் பொருந்தாது. மாட்டி நடக்கவைத்து அளவு பார்த்த பிறகே வாங்க வேண்டும். நான் சிறிய சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துப் பேரன் துணையோடு சாரங்கபாணி கோயிலுக்குப் போகிறேன். நடை திறந்தவுடன், கூட்டம் சேருமுன். தீபாராதனை நேரத்தில் பின்னால் நகர்ந்துவிடுவேன். தீர்த்தத்தையும் துளசியையும் பேரன் வாங்கி வருவான். பாரியூரில் தீ மிதிக்கும் குண்டம் திருவிழா நடக்கும் நாட்கள் மட்டும் வேண்டாம். நெருப்பு, புகை, நெரிசல் மூன்றும் சேர்ந்த இடம் அவருக்கு ஆகாது. மற்ற நாளில், கூட்டமில்லாத காலையில் அம்மனை நன்றாகவே பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 எல்லோர் மனத்திலும் ஒரு கலவரத்தை விட்டுப் போயிருக்கிறது. ஆக்சிஜன் என்றாலே கடைசி மூச்சு என்று ஊர் நினைக்கிறது. எங்கள் தெருவிலும் கேட்டார்கள். நான் வாசலில் உட்கார்ந்து குழாயோடு செய்தித்தாள் படிக்கத் தொடங்கினேன். முதலில் வெறித்துப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். உங்கள் தாயார் திண்ணைக்கு வர, முதல் நாள் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். மடியில் பூவையும் நாரையும் கொடுங்கள்.

சேலம் வயர்மேன்:

மின்சாரம் என் தொழில். என் மனைவிக்கும் இதே 5 லிட்டர் இயந்திரம்தான், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். 16 மணி நேரத்துக்கு 5.6 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் இது மட்டும் 336 யூனிட். வீட்டின் மற்ற செலவும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி ரசீது எகிறும். முன்கூட்டியே தெரிந்திருங்கள். ஆனால் ரசீதைப் பார்த்துவிட்டு அம்மா யாருக்கும் தெரியாமல் இயந்திரத்தை அணைத்துவிடக் கூடாது. என் மனைவி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

தனி பிளக், மூன்று முள், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்சியோடும் அயர்ன் பெட்டியோடும் சேர்க்காதீர்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசர் வேண்டும். இன்வெர்ட்டர் வாங்கினால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், கம்ப்ரசர் மோட்டாருக்கு மற்றது ஆகாது. 150 ஏஎச் பேட்டரி ஒன்று, இந்த இயந்திரத்தை மட்டும் ஓட்டினால் மூன்று மணி நேரம் தாங்கும் என்று நம்பலாம். மின்விசிறியும் விளக்கும் சேர்ந்தால் அதுவும் குறையும்.

ஆகவே முழுநாள் மின்தடைக்கு இன்வெர்ட்டரை நம்பாதீர்கள். பி டைப் சிலிண்டர் ஒன்று நிரப்பி வீட்டில் இருக்கட்டும். அதில் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் வரும். நிமிர்த்தி, சாயாதபடி சங்கிலியால் கட்டிவையுங்கள். வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய்க் கை படவே கூடாது, இறுகியிருக்கிறது என்று கிரீஸ் போடவும் கூடாது. ரெகுலேட்டரை மாட்டித் திறப்பதை வீட்டில் எல்லோரும் பகல் வெளிச்சத்தில் செய்து பழகுங்கள். இருட்டில் அவசரத்தில் கற்றுக்கொள்ளும் வேலை அல்ல அது.

சொந்தமாக வாங்க நினைத்தால், 2021இல் வாங்கி மூலையில் கிடக்கும் பழைய இயந்திரங்கள் மலிவாக வரும். எச்சரிக்கை. உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சியோலைட் என்ற பொருள் இருக்கிறது. ஓடாமல் கிடந்தால் ஈரம் ஏறி அது கெட்டுவிடும். சத்தமெல்லாம் சரியாக வரும், ஆக்சிஜன் வராது. நல்ல இயந்திரத்திலிருந்து வரும் காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் இருக்க வேண்டும். அளக்கும் கருவியை வைத்து, உங்களுக்கு வேண்டிய லிட்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

மதுரை மூச்சுப் பயிற்சியாளர்:

நான் பிசியோதெரபிஸ்ட். வாத்தியார் ஐயா சொன்னதில் ஓர் இடத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

16 மணி நேரம் என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. 1981இல் பிரிட்டனில் 87 சிஓபிடி நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், தினமும் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இரவில் மட்டும் எடுத்தவர்களைவிடப் பகலிலும் எடுத்தவர்களுக்கு நன்மை கூடுதல். மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் மாட்டிக் கழற்றுவதில் இந்தப் பலன் கிடைக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் நெடுநேரம் குறைந்தே இருந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகி, இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும். கால் வீக்கம் அங்கிருந்துதான் வரும். அதைத் தடுக்கத்தான் இத்தனை மணி நேரம்.

"பழகிவிடும், பிறகு விட முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் 2 லிட்டரை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். சிஓபிடி உள்ள சிலருக்கு ஆக்சிஜன் அளவு மீறினால் கரியமில வாயு உடம்பில் சேர்ந்துவிடும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் தடுமாற்றம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். அவருக்கு 88 முதல் 92 போதுமானது. 98 வர வேண்டும் என்று முயலாதீர்கள். நடக்கும்போது எத்தனை லிட்டர் என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால், கை சில்லிட்டிருந்தால், ஆக்ஸிமீட்டர் தவறாகக் காட்டலாம். கருமையான தோலில் உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டுவதும் உண்டு. கருவி 90 காட்டினாலும் உதடு நீலமாக இருந்தால் உதட்டை நம்புங்கள்.

இன்னொன்று. நோய் முற்றி மருத்துவமனையில் இருந்தபோது எடுத்த முடிவு இது. இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு நிலைப்பட்ட பிறகு மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். சிலருக்குத் தேவை குறைந்திருக்கும், சிலருக்கு நின்றேபோயிருக்கும். அம்மாவிடம் வாக்குறுதியாகச் சொல்லாதீர்கள். ஆனால் அந்தத் தேதியை இப்போதே வாங்கிவையுங்கள்.

உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதைப் போல மெதுவாக மூச்சை விடப் பழக்குங்கள். எழும்போது, குனியும்போது, படியேறும்போது, பாரம் வரும் நொடியில் மூச்சை வெளியே விட வேண்டும்.

கோபி மகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கட்டுரை எழுதித் தரச் சொல்லி வந்தார்கள் என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். முக்காலி வாங்கிவிட்டேன். இன்று குழாயோடு குளித்தார், உதடு நீலமாகவில்லை. கிரைண்டர் கூடத்துக்கு வந்துவிட்டது. "உளுந்து இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்று அதட்டல் தொடங்கிவிட்டது.

ஐயா, ஒரு சந்தேகம். 15 மீட்டர் குழாய் போட்டால் கடைசிவரை 2 லிட்டரும் வந்து சேருமா? எங்கேயாவது மடங்கினால் எப்படித் தெரியும்?

கும்பகோணம் வாத்தியார்:

2 லிட்டர் அளவில் 15 மீட்டருக்குப் பெரும்பாலான 5 லிட்டர் இயந்திரங்கள் ஈடுகொடுக்கும். ஆனால் உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் எவ்வளவு நீளம் வரை அனுமதி என்று போட்டிருப்பார்கள், அதை மீறாதீர்கள். குழாயை முழுவதும் விரித்துப் போட்டு, இயந்திரத்தின் கண்ணாடிக் குழலில் இருக்கும் சிறு குண்டு 2இல் நிற்கிறதா என்று பாருங்கள். மடங்கினாலோ நாற்காலிக் கால் ஏறினாலோ குண்டு கீழே இறங்கிவிடும். காற்று வருகிறதா என்ற ஐயம் வந்தால் மூக்கு முனையை ஒரு தம்ளர் தண்ணீரில் அமிழ்த்துங்கள், குமிழி வர வேண்டும். பிறகு துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

ஈரப்பதப் புட்டி வைத்திருந்தால் அதன் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான். அதில் மருந்துக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குவது வேண்டாம். தினமும் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை பின்பக்க வடிகட்டியைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். கழுத்துப் பக்கம் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு முனை ஒன்று இருக்கிறது. குழாய் வாங்கும்போது அதையும் கேட்டு வாங்குங்கள், பல கடைகளில் தனியாகத்தான் கொடுக்கிறார்கள்.